பப்பா நட்ட தக்காளி பழுக்கத் தொடங்கிவிட்டது. இந்த வருடம் சோஸ் போடலாமா?

கோபர்க் மருமகள் | பெப்ரவரி 4, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் வழக்கமாகச் சமையல் பகுதியில் மட்டும் எழுதுகிறவள். இன்று ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன்.

என் மாமா ஜனவரி 8ஆம் திகதி தவறிவிட்டார். 90 வயது. இத்தாலியில் கலாப்ரியாவில் பிறந்து, 20 வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி வந்தவர். பிள்ளைகள் எல்லோரும் அவரைப் பப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கும் அவர் பப்பாதான். எங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளிலும் அப்பாவை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் இருப்பதால் அந்தச் சொல் எனக்கு அந்நியமாகவே இருந்ததில்லை.

விஷயம் இதுதான். மெல்பர்னில் தக்காளி நாற்று நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, குதிரைப் பந்தய நாளன்று நிலத்தில் இறங்கும். அதற்கு முன் நட்டால் குளிர் விடாது. போன நவம்பரிலும் பப்பா தன் கையாலேயே 40 நாற்று நட்டார். குனிய முடியாமல் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு குழி முடிந்ததும் ஸ்டூலைத் தள்ளி, அடுத்த குழி. கொம்பு ஊன்றி, மாமியின் பழைய நைலோன் காலுறைகளைக் கீலம் கீலமாகக் கிழித்துக் கட்டினார். நூல் என்றால் தண்டை அறுத்துவிடுமாம்.

இப்போது அந்த 40 செடியிலும் பழம் சிவக்கிறது. வழக்கமாகப் பெப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை குடும்பம் முழுக்கக் கூடித் தக்காளிச் சோஸ் போடுவோம். வருடம் முழுவதற்கும் அதுதான். இந்த வருடம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். மச்சாள் போடத்தான் வேண்டும் என்கிறாள். மாமி வாயே திறக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை 31ஆம் நாள். நம் ஆட்களிடம் கேட்டால் ஒரு வருடத்துக்கு ஒன்றும் செய்யக்கூடாது என்கிறார்கள். உங்கள் வீடுகளில் எப்படி?


நெல்லைச்சீமை | பெப்ரவரி 4, இரவு 10.15

ஆழ்ந்த இரங்கல் சகோதரி. 90 வயதிலும் நாற்று நட்டவர் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கம் வருஷம் திரும்பும்வரை துக்க வீட்டில் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது. தீபாவளி, பொங்கல் என்றால் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சாஸ் போடும் நாள் உங்கள் வீட்டில் ஒரு பண்டிகை மாதிரி இருக்கிறது. ஆட்டம் பாட்டம் எல்லாம் இருக்குமே? இந்த ஒரு வருடம் விட்டுவிடுங்கள். பழத்தைப் பறித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். மாமனார் பெயரால் நாலு வீடு சாப்பிடட்டும்.


வண்டல் | பெப்ரவரி 5, காலை 6.50

நெல்லை அண்ணன் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. மன்னிக்கணும்.

என் அப்பா தை மாசம் இறந்தார். வயலில் சம்பா முற்றி நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் ஆளை இறக்கி அறுத்தோம். எங்கள் ஊரில் யாரும் அதைத் தப்பாகப் பேசவில்லை, பேசவும் மாட்டார்கள். பலகாரம் வேறு, விளைச்சல் வேறு. பலகாரத்தை அடுத்த வருஷம் சுடலாம். முற்றின கதிரைப் பத்து நாள் கூடுதலாக விட்டால் மணி கொட்டிப்போகும், மழை வந்தால் முளைத்துப்போகும். அந்தப் பெரியவர் விவசாயி வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பார், அந்த நைலான் கட்டிலேயே தெரிகிறது. அக்கா, அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்.


கோபர்க் மருமகள் | பெப்ரவரி 5, இரவு 11.05

வண்டல் தம்பி, சரியாகச் சொன்னீர்கள். அவருடைய அப்பா கூலி விவசாயி. சொந்த நிலம் ஒரு பிடி கிடையாது. கலாப்ரியா என்பது இத்தாலியின் காலணி வடிவத்தில் முன்பாதம். மலையும் கடலும் நெருக்கிக்கொண்டு நடுவில் விளைநிலம் கொஞ்சம்தான் இருக்கும், அதுவும் அந்தக் காலத்தில் பெரிய பண்ணையார்கள் கையில். 1951 அக்டோபரில் நாள்கணக்கில் மழை கொட்டி மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. ஆஃப்ரிக்கோ என்ற மலை ஊரை முழுவதுமாகக் கைவிட்டு மக்கள் கீழே இறங்கவேண்டி வந்தது. பப்பாவின் ஊர் அதற்கு அடுத்த மலையில். அவர்கள் வீடு தப்பித்தது, ஆடுகள் தப்பவில்லை. மூன்று வருடம் கழித்து 1954இல் மெசினா துறைமுகத்தில் கப்பலேறினார்.

முதல்முறை என்னை அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது என் கணவருக்கு ஒரே பயம். பப்பா என்னைப் பார்த்து, "எந்த ஊர்?" என்று கேட்டார். இலங்கை என்றேன். விளங்கவில்லை. சிலோன் என்றேன். உடனே கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "கொழும்பு!" என்றார்.

அந்தக் காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த கப்பல்கள் சூயஸ் தாண்டி, ஏடனில் நின்று, பிறகு கொழும்பில் நின்றுதான் ஃப்ரிமான்டிலுக்குப் போகும். பப்பாவைக் கொழும்பில் சில மணிநேரம் இறங்கவிட்டிருக்கிறார்கள். இத்தாலிக்கு வெளியே அவர் கால் வைத்த முதல் மண் அது. துறைமுகத்துக்கு வெளியே ஒருவரிடம் அன்னாசிப்பழம் ஒன்று வாங்கியிருக்கிறார். வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. எப்படி வெட்டுவது என்று தெரியாமல் அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்தபடி கப்பலுக்குத் திரும்பிவிட்டார். விற்றவர் பின்னாலேயே ஓடிவந்து, பழத்தை வாங்கி, முள்ளைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கி, துண்டு போட்டுக் கொடுத்தாராம். அதற்குக் காசு வாங்கவில்லையாம். "உங்கட ஆட்கள் நல்லவர்கள்" என்று அன்றைக்குச் சொன்னவர், கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வியாபாரி சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, யாரோ. அந்த மனிதர் செய்த புண்ணியத்தில் எனக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்தது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இன்னொன்று. நான் பழக்கதோஷத்தில் "குசினிக்குள் வைக்கட்டுமா?" என்று கணவரிடம் தமிழில் கேட்டுவிட்டேன். மாமி நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் பாஷையில் சமையலறை "குச்சீனா". போர்த்துக்கீசர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல்லும் அவர்கள் சொல்லும் ஒரே லத்தீன் வேரில் வந்தவை. பிறகு குசினி என்ற சொல் அந்த வீட்டில் நிலைத்துவிட்டது.

பப்பா மெல்பர்னில் இறங்கியதும் பொனகில்லா முகாமுக்கு அனுப்பினார்கள். பழைய இராணுவ முகாம், தகரக் கொட்டகைகள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஆட்டிறைச்சி என்று சொல்லுவார். அரசாங்கம் பயணச் செலவில் உதவியதற்காக இரண்டு வருடம் அவர்கள் காட்டும் இடத்தில் வேலை செய்யவேண்டும். குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டினார். ஒப்பந்தம் முடிந்து மெல்பர்னுக்கு வந்து கொங்கிரீட் வேலை. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீட்டு முன்பாதை அவர் போட்டது. காரில் போகும்போது, "இது நான், அதுவும் நான், அது நான் இல்லை, வெடித்திருக்கிறது பார்" என்று காட்டிக்கொண்டே வருவார்.

மாமியைக் கல்யாணம் செய்தது 1958இல், மாப்பிள்ளை இல்லாமலே. ஊர்க் கோயிலில் பப்பாவின் தமையன் அவருக்குப் பதிலாக நின்று மோதிரம் போட்டார். அப்போது ஆயிரக்கணக்கான இத்தாலியப் பெண்கள் இப்படித்தான் கல்யாணம் முடித்துத் தனியாகக் கப்பலேறினார்கள். புருஷனைத் தேடித் தனியாகப் பயணம் வந்த எங்கள் ஊர்ப் பெண்களை நினைத்துக்கொண்டேன். மாமி இறங்கியபோது பப்பா வேலை உடுப்போடு நின்றாராம். கொங்கிரீட் காய்வதற்குள் மட்டம் தட்டிவிட்டு ஓடிவந்திருக்கிறார். சப்பாத்தில் சீமெந்து. மாமி இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை.


பலெர்மோத் தமிழன் | பெப்ரவரி 6, அதிகாலை 3.20

அக்கா, நான் சிசிலியில் 26 வருடமாக இருக்கிறேன். உங்கள் மாமாவின் ஊருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கடல்சந்துதான். ஆத்மா சாந்தியடையட்டும்.

இங்கே பழைய ஆட்களிடம் துக்கம் காப்பது நம்மைவிடக் கடுமை. கணவன் போனால் சாகும்வரை கறுப்பு உடுத்துகிற கிழவிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவும் அயலும் சாப்பாடு சமைத்துக்கொண்டு போய்க் கொடுக்கவேண்டும். அதற்கு "குன்சுலு" என்று பெயர், ஆறுதல் என்று அர்த்தம். இங்கே வந்த புதிதில் எங்கள் கட்டடத்தில் ஒரு சாவு. என் மனைவி ஊர் நினைப்பில் சோறும் பருப்பும் காய்ச்சி ஒரு சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதுவரை படியில் எங்களைப் பார்த்தால் தலையைக் கூட அசைக்காத குடும்பம் அது. சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நிறைய எலுமிச்சம்பழம் போட்டுத் தந்தார்கள். வெறும் சட்டியாகக் கொடுக்கக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

30ஆம் நாள் பூசை இவர்களிடமும் உண்டு. ஆனால் தக்காளியைப் பற்றி ஒரு தடை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது சாப்பாட்டு வேலை, கொண்டாட்டம் இல்லை. பாட்டும் வைனும் இல்லாமல் போடுங்கள். முடிவு மாமியுடையது. அவர் வாய் திறக்கும்வரை யாரும் தீர்மானம் எடுக்கக்கூடாது என்பது என் கருத்து.


ஏட்டுச்சுவடி | பெப்ரவரி 6, காலை 8.30

இந்த இழையைப் படித்ததும் எங்கள் பெங்களூரு நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு பெங்களூரு, போபால், டேராடூன் பக்கம் முகாம்களில் வைக்கப்பட்டார்கள். பிறகு அவர்களில் பலரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆள் பற்றாக்குறை, பண்ணை வேலைக்குக் கை வேண்டியிருந்தது. மொத்தம் 18,000க்கு மேற்பட்ட இத்தாலியக் கைதிகள் ஆஸ்திரேலியாவில் இருந்திருக்கிறார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் சிலர், கைதியாக இருந்த அதே நாட்டுக்குக் குடியேறிகளாகத் திரும்பி வந்தார்கள். கைதியாகப் பார்த்த மண்ணே சொந்த ஊரைவிட மேல் என்று ஒருவன் முடிவெடுக்கிறான் என்றால் அந்த ஊரின் பசி எப்படி இருந்திருக்கும்!

கலாப்ரியாவில் 1949 அக்டோபரில் மெலிசா என்ற ஊரில், தரிசாகக் கிடந்த பண்ணை நிலத்தில் இறங்கி உழுத கூலி விவசாயிகள்மேல் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். மறு வருடம்தான் அங்கே நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. கீழ்வெண்மணியைப் படித்தவர்களுக்கு இது தூரத்து விஷயமாகத் தெரியாது. உங்கள் மாமனார் அப்போது 15 வயதுப் பையன். அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?


கோபர்க் மருமகள் | பெப்ரவரி 7, இரவு 10.20

ஏட்டுச்சுவடி ஐயா, அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஊரைப் பற்றிக் கேட்டால் மரங்களைப் பற்றித்தான் சொல்வார். எந்த அத்தி எந்தச் சுவரோரம் நின்றது என்பதுவரை சொல்வார். மனிதர்களைப் பற்றிக் கேட்டால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

இன்று 31ஆம் நாள் பூசை முடிந்தது. கல்லறைக்குச் செவ்வந்தி கொண்டுபோனோம். செவ்வந்தி என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கல்யாணமான முதல் வருடம் அன்னையர் தினத்துக்கு மாமிக்கு ஒரு பெரிய வெள்ளைச் செவ்வந்திக் கொத்து வாங்கிக்கொண்டு போனேன். ஆஸ்திரேலியாவில் அன்னையர் தினத்துக்கு அந்தப் பூதான். கதவைத் திறந்த மாமியின் முகம் வெளிறிவிட்டது. இத்தாலியில் செவ்வந்தி இறந்தவர்களுக்கு வைக்கும் பூ, நவம்பர் 2ஆம் திகதி கல்லறைக்குக் கொண்டுபோவது. எனக்கு அது தெரியாது. யாரும் எதுவும் பேசவில்லை. பப்பா வந்து என் கையிலிருந்து கொத்தை வாங்கினார். தானே ஜாடியில் தண்ணீர் பிடித்து, சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து, மாமியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு கணவர் எனக்குச் சொன்னார்: "இந்த நாட்டில் இது அம்மாவின் பூ. நாம் இந்த நாட்டுக்கு வந்தவர்கள்." அந்தப் பூ வாடி உதிரும்வரை மேசையில் இருந்தது.

என் கணவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பதையும் எழுதவேண்டும். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எழுபதுகளில் பள்ளிக்கூடத்தில் இத்தாலியப் பிள்ளைகளை வெள்ளைக்காரப் பெடியன்கள் "வாக்" என்று கேலி செய்வார்கள். சனிக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் கால்பந்துக்குப் போக, இவர் அப்பாவோடு கொங்கிரீட் கலக்கப் போனார். சோஸ் நாளன்று வீடே ஒரு தொழிற்சாலை. தெருவெல்லாம் மணக்கும். நண்பர்கள் வந்து பார்த்துவிடுவார்களோ என்று காராஜுக்குள் ஒளிந்துகொள்வாராம். இவர் பந்து விளையாடியதைப் பப்பா ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட நேரே வேலைத்தளத்திலிருந்து வந்து, பின்வரிசையில் நின்று, படம் எடுப்பதற்குள் திரும்பிப் போய்விட்டார். பப்பா அன்பானவர், ஆனால் வீட்டில் கோபக்காரரும்கூட. இரண்டையும் சொன்னால்தான் அவர் யார் என்று சொன்னதாகும்.

ஒன்று மட்டும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. காராஜ் சுவரில் ஒரு மூலையில் பப்பா தச்சுப் பென்சிலால் வருடமும் போத்தல் எண்ணிக்கையும் எழுதிவைத்திருக்கிறார். 1962இல் 60 போத்தல். பிள்ளைகள் பிறக்கப் பிறக்கக் கூடிக்கொண்டே போகிறது, பேரப்பிள்ளைகள் வந்த காலத்தில் 300ஐத் தாண்டுகிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. போன வருடம் 148. நேற்று மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தேன். 1983 என்று எழுதிப் பக்கத்தில் எண் இல்லை, ஒரு கோடு மட்டும். கணவரைக் கேட்டால், அது பெரிய வறட்சி வருடம், தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கட்டுப்பாடு, பெப்ரவரி 8ஆம் திகதி மெல்பர்ன்மேல் புழுதிப்புயல் வந்து பட்டப்பகல் இருட்டியது, அதனால் போடவில்லை என்கிறார். அவருக்கு அப்போது 14 வயது. மச்சாள், அந்த வருடம்தான் ஊரில் பப்பாவின் அம்மா இறந்தார் என்கிறாள். அப்படியென்றால் பப்பாவே துக்கத்துக்காகச் சோஸ் போடாமல் விட்டிருக்கிறார். எனக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் போய்விட்டது.


நெல்லைச்சீமை | பெப்ரவரி 8, காலை 7.10

நான் சொன்னதற்கே அவர் கையெழுத்தில் சாட்சி கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட மனம் வரவில்லை. பலெர்மோ நண்பர் சொன்னதுதான் சரி. அம்மாவிடம் போய்க் கேளுங்கள். சுவரைக் காட்டிக் கேளுங்கள். 1983இல் என்ன நடந்தது என்று அவருக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும்.

அப்புறம், பேரப்பிள்ளைகளில் யாருக்காவது அவர் பெயர் வைத்திருக்கிறீர்களா?


கோபர்க் மருமகள் | பெப்ரவரி 8, இரவு 8.45

என் மூத்த மகனுக்கு. தென் இத்தாலியில் முதல் ஆண்பிள்ளைக்குத் தகப்பனின் தகப்பன் பெயர் வைப்பது எழுதாத சட்டம். நமக்கும் பாட்டன் பெயரைத் தாங்குகிறவன்தானே பெயரன், அதுதானே பேரன் ஆனது. இதைப் பப்பாவுக்கு விளக்கிச் சொன்னபோது நம்பவே இல்லை. உங்கள் மொழியில் பேரன் என்றாலே பெயர்க்காரனா என்று மூன்று முறை கேட்டார். பிறகு அவரைப் பார்க்க வருகிற ஒவ்வொரு நண்பரிடமும் அதைச் சொல்லிக்காட்டினார்.


ஆய்வுக்கூடம் | பெப்ரவரி 9, பகல் 1.30

குடும்ப முடிவில் நான் தலையிடவில்லை. உணவுத் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறேன், ஒரு எச்சரிக்கை மட்டும். போடுவதாக இருந்தால் புளிப்பைக் கவனியுங்கள். தக்காளியின் அமிலத்தன்மை எல்லைக்கோட்டில்தான் நிற்கும். பி.எச். அளவு 4.6க்கு மேல் போனால், அதாவது புளிப்பு குறைந்தால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பாட்டுலிசம் நச்சுக் கிருமி வளர வாய்ப்பு உண்டு. அது வளர்ந்தாலும் வாசனையிலோ நிறத்திலோ தெரியாமலே போகலாம். அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அல்லது கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். 750 மில்லி பாட்டில் என்றால் அதில் ஒன்றரை மடங்கு. கடையில் விற்கும் பாட்டில் சாறு நல்லது, அதில் புளிப்பின் அளவு மாறாது. மூடி சரியாகப் பிடிக்காத பாட்டிலைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.


கோபர்க் மருமகள் | பெப்ரவரி 17, இரவு 9.15

ஒரு வாரமாக வரமுடியவில்லை. எல்லோருக்கும் பதில் சொல்லவேண்டும்.

மாமியிடம் கேட்க எனக்கு வாய் வரவேயில்லை. வியாழக்கிழமை இரவு நல்ல மழை. நாள்கணக்கில் வெயிலில் காய்ந்த செடிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் கிடைத்தால் பழம் வெடிக்கும், அது தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அங்கே போனபோது மாமி கறுப்பு உடுப்போடு, பப்பாவின் ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வாளியோடு செடிகளுக்கு நடுவில் நின்றார். இரண்டு வாளி நிறைந்திருந்தது. நானும் பேசாமல் இறங்கிப் பறித்தேன். தோல் கீறின பழத்தைத் தனியாகவும் கீறாததைத் தனியாகவும் போடச் சொன்னார், அவ்வளவுதான்.

கணவர் வந்து பார்த்துவிட்டு, "மம்மா, 1983இல் பப்பாவே போடவில்லையே" என்றார். மாமி நிமிரக்கூட இல்லை. "அவருடைய அம்மா செத்தது அதற்கு முந்தின செப்டெம்பரில். அந்த நவம்பரில் அவர் நடவே இல்லை. நடவில்லை, அதனால் போடவில்லை. இந்த முறை நட்டிருக்கிறார்" என்றார்.

அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை போட்டோம். வழக்கமாகச் சந்தையில் பெட்டி பெட்டியாகக் கூடுதல் பழம் வாங்குவோம், இந்த முறை தோட்டத்துப் பழம் மட்டும். நிறுத்துப் பார்த்தால் 110 கிலோ. பாட்டு இல்லை, வைன் இல்லை, வெளியாட்கள் இல்லை. பப்பா பழைய வாஷிங் மெஷின் மோட்டரைப் பூட்டிச் செய்த பிழியும் யந்திரம் முதல் அரை மணிநேரம் ஓடவே மறுத்தது. மச்சாளின் கணவர் கழற்றிப் பார்க்கிறேன் என்று ஆயுதத்தோடு வந்தார். என் கணவர் அவரைத் தள்ளிவிட்டு, மோட்டருக்குக் கீழே இருந்த ஒரு மரக்கட்டையைக் காலால் கொஞ்சம் உதைத்தார். ஓடிவிட்டது. மோட்டர் வார் எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும், இரண்டாம் முறை தோலை எப்போது போடவேண்டும், போத்தலைத் தண்ணீரில் அவிக்கிற பீப்பாயில் போத்தலுக்கு இடையே சாக்கை எப்படிச் சொருகவேண்டும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. காராஜுக்குள் ஒளிந்திருந்த பிள்ளை அவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பகல் பதினொரு மணிக்கு மச்சாள் மூடியைக் கோணலாக அடித்தபோது ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அப்படியே பப்பாவின் வாயிலிருந்து வருகிற அதே கலாப்ரியச் சொல். எல்லோரும் கையை நிறுத்திவிட்டோம். மாமி மட்டும் துளசி மாதிரி இருக்கிற அந்த பேசில் இலையை ஒவ்வொரு போத்தலுக்கும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஆய்வுக்கூடம், எலுமிச்சைச் சாறு சேர்த்தோம். மாமி கரண்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கொதி வந்த பிறகு முக்கால் மணிநேரம். பிறகு நெருப்பை அணைத்துப் பீப்பாயை அப்படியே விட்டுவிட்டு, ஞாயிறு காலை தண்ணீர் ஆறியபிறகு வெளியே எடுத்தோம். இரண்டு வெடித்திருந்தன. மிச்சம் 93.


வண்டல் | பெப்ரவரி 17, இரவு 9.40

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "நட்டிருக்கிறார்" என்று அந்த அம்மா சொன்னது எங்கள் அப்பத்தா பேசுவது மாதிரியே இருந்தது.

சுவரில் எழுதினீர்களா?


நெல்லைச்சீமை | பெப்ரவரி 17, இரவு 10.05

நான் சொன்ன யோசனையை மாமியார் கேட்காதது நல்லதாகப் போயிற்று. மனதாரச் சொல்கிறேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


கோபர்க் மருமகள் | பெப்ரவரி 18, காலை 7.30

எழுதினோம். பென்சில் அதே ஆணி டப்பாவுக்குள்தான் இருந்தது. பப்பா வளைந்த ஆணியைக்கூட எறியமாட்டார், நிமிர்த்திக் கோப்பி டின்னில் போட்டுவைப்பார். கணவர் எடுத்து மகனிடம் நீட்டினார். மகன் போன வருடத்துக்குக் கீழே 93 என்று எழுதினான்.

நெல்லை அண்ணா, உங்கள் வணக்கத்தைச் சொல்லிவிட்டேன். திருநெல்வேலி எங்கே இருக்கிறது என்று கேட்டார். கொழும்புக்குப் பக்கத்தில்தான், நடுவில் கொஞ்சம் கடல் என்றேன். தலையாட்டினார்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை நான் போகும் முன்பே மாமி முதல் வாளியிலிருந்து நாலு பழத்தை எடுத்துக் குசினி ஜன்னலோரம் வைத்திருந்தார். கீறல் இல்லாத, நீண்டு பருத்த பழங்கள். சனிக்கிழமை பழம் கொஞ்சம் குறைகிறதே என்று நான் அதை எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். நேற்று மாலை போய்ப் பார்த்தேன். நாலையும் பிளந்து, விதையைக் கழுவி, பத்திரிகைத் தாளில் பரப்பிக் காயவைத்திருக்கிறார்.